குங்குமம் வைத்த முதல் தாள்

ஆள் போன பிறகும் வரைபடம் வெளியே போய்க்கொண்டிருந்தது. சூர்யநாராயணனுக்கு விளங்காதது அதுதான்.

புனேயின் வாகட் பகுதியில், பாமாவின் வீட்டு ஹாலில், கொடுத்த காபியைத் தொடாமல் அவர் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர். பாணேரில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸ் நடத்துகிறார். கார்த் தொழிற்சாலையில் ஓர் இரும்புப் பாகத்தைத் துளை போடும்போது அது இம்மியும் அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் வேண்டும். தொழிலில் அதற்கு ஃபிக்ஸர் என்று பெயர். ஒவ்வொரு பாகத்துக்கும் ஃபிக்ஸர் மாறும். அதை யோசித்து வரைந்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு.

எதிரே பாமா. ஹிஞ்சவடியில் நெட்வொர்க் இன்ஜினியர். தெரிந்தவர்கள் வட்டத்தில் எந்த வீட்டில், எந்த ஆபீஸில் இணையம் வம்பு செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஜம்பு. தேஹு ரோடு குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் ஆரம்பிக்கும் வாக்கியம் எந்த மொழியில் போய் முடியும் என்பது அவனுக்கே தெரியாது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார்," என்றாள் பாமா.

"போன வருஷம் ஆபீஸை பாணேருக்கு மாத்தினோமுங்க. கொஞ்ச நாள்ல ஆரம்பிச்சுது. நாங்க மண்டையை உடைச்சு வரையற ஃபிக்ஸர், அப்படியே பைரவ் டூலிங்காரங்க கையில இருக்குது. எங்களுக்குப் போட்டிங்க அவங்க. நாங்க கஸ்டமர்கிட்டப் போய் நிக்கறதுக்குள்ள, இறுக்கிப் பிடிக்கற அதே கிளாம்பை அதே இடத்துல வெச்சு அவங்க செஞ்சே காட்டறாங்க."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமெல்லாம் இல்லைங்க, முடிவே பண்ணீட்டேன். பிரணவ்னு ஒரு பையன். நானே ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்தவன். மத்தவங்கெல்லாம் ஆரம்பத்துல இருந்து கூட இருக்கறவங்க. புதுசா வந்தது அவன் ஒருத்தன்தான். எல்லாரு முன்னாடியும் பேசி அனுப்பீட்டேனுங்க."

"ஒத்துக்கிட்டாரா?"

சூர்யநாராயணன் காபியைப் பார்த்தார். "ஒண்ணுமே பேசலைங்க. அதையே ஒத்துக்கிட்ட மாதிரி எடுத்துக்கிட்டேன்."

அதோடு நின்றிருந்தால்கூடத் தேவலை. சாக்கனில் ஒரு கம்பெனியில் பிரணவுக்கு வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்த சமயம், அங்கிருந்து இவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வரைபடம் விற்கிறவன் என்று சொல்லிவிட்டார். அந்தத் தொழிலில் ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை; ஒருவரிடம் சொன்னால் போதும்.

"இப்ப அவன் போய் ரெண்டு மாசமாச்சு. போன வாரம் நாங்க வரைஞ்ச புது ஃபிக்ஸரோட டிராயிங், பைரவ் ஷாப்ல மெஷின் மேல ஒட்டியிருக்குதுன்னு கஸ்டமரோட ஆள் ஒருத்தர் போட்டோ எடுத்து அனுப்பினாருங்க." அவர் குரல் இறங்கியது. "அவன் பண்ணலைன்னா, நான் பண்ணினது என்னங்க?"

பாமா போட்டோவைப் பார்க்கக் கையை நீட்டினாள். அவர் கைப்பேசியைக் கொடுத்தார்.

கறுப்பு வெள்ளை அச்சுத் தாள். கம்பெனிப் பெயர் இருக்கும் கட்டத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். பாமா படத்தைப் பெரிதாக்கி, மேலே வலது மூலையில் நிறுத்தினாள். அங்கே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாம்பல் நிறக் கறை.

"இது என்ன?"

"வடா பாவ் எண்ணெய்," என்றான் ஜம்பு. "நம்ம புனேல தொட்ட காகிதத்துல எல்லாம் அதான் இருக்கும் பாமாக்கா."

சூர்யநாராயணன் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். இத்தனை நாள் பார்த்த படம்தான். கிளாம்பின் இடத்தைப் பார்த்தார், அளவுகளைப் பார்த்தார், மூலையைப் பார்க்கவில்லை.

"குங்குமமுங்க," என்றார் மெதுவாக. "எந்த ஃபிக்ஸரா இருந்தாலும் முதல் பிரிண்ட்டை பிள்ளையார் படத்துக்கு முன்னாடி வெச்சு, சந்தனம் குங்குமம் தொட்டு வெப்பேன். அதுலதான் கையெழுத்தும் போடறது. அந்தத் தாளையே ஸ்கேன் பண்ணி கஸ்டமருக்கு அனுப்புவோம்."

"குங்குமத்தோடயா?"

"ஆரம்பத்துல அப்படித்தான் போச்சு. ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், இது என்ன திருத்தம் காட்டற புது ரிவிஷன் மார்க்கான்னு கேட்டு மெயில் போட்டுட்டாரு." அந்த நினைவில் உதடு லேசாக விரிந்து உடனே மூடிக்கொண்டது. "அதுல இருந்து வைஜயந்தி கம்ப்யூட்டர்ல அந்தக் கறையை அழிச்சிருவா. எங்ககூட ரொம்ப நாளா இருக்கற பொண்ணு. ஜெராக்ஸ் மெஷின்ல ஸ்கேன் பண்ணினா மூலைல இருக்கற ஒரு கம்ப்யூட்டர்ல ஃபோல்டருக்குள்ள வந்து விழும். பழைய மெஷின்தாங்க, ஆனா நல்லா ஓடுது. அவ அதைத் திறந்து, கறையைத் துடைச்சு, அதே பேர்ல சேவ் பண்ணுவா. அதான் எல்லாருக்கும் போகும்."

"அப்ப கறை இருக்கற படம்..."

"மெஷினுக்கும் வைஜயந்திக்கும் நடுவுல கொஞ்ச நேரம்தான் இருக்கும்."

ஜம்பு தொடையில் தட்டினான். "அரே, முடிஞ்சுது கேஸ்! கஸ்டமர்கிட்ட இருந்து போயிருந்தா கறை இருக்காது. ஃபோல்டர்ல இருந்து பின்னாடி யாராவது எடுத்திருந்தாலும் இருக்காது. கறையோட பாக்கறது ஒரே ஆள். வைஜயந்தி. பக்கா!"

சூர்யநாராயணன் நிமிர்ந்தார். கைப்பேசியை எடுத்தார். விரல் பெயரைத் தேடத் தொடங்கியிருந்தது.

"ஃபோனைக் கீழ வைங்க சார்," என்றாள் பாமா. குரல் உயரவில்லை. "இதே வேகத்துல ஒரு தடவை போயிருக்கீங்க."

அவர் வைத்துவிட்டார்.

"ஜம்பு சொன்னதுல பாதி சரி. படம் மெஷினுக்கும் வைஜயந்திக்கும் நடுவுல இருக்கறப்பதான் போயிருக்கு. ஆனா அந்த நடுவுல இருக்கறது வைஜயந்தி மட்டுமான்னு பாத்துடலாம். சனிக்கிழமை காலைல வரோம். ஸ்கேன் பண்றதுக்கு ஏதாவது ஒரு தாள் போதும்."

*

சனிக்கிழமை ஆபீஸில் வைஜயந்தி மட்டும் வந்திருந்தாள். விஷயத்தை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்பது பாமாவின் நிபந்தனை. சொன்னதைக் கேட்டதும் அவள் எழுந்தாள். தன் நாற்காலியைக் கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளி, சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்த நாற்காலி நகர்ந்த சத்தம் சூர்யநாராயணனுக்கு என்னவோ போல் இருந்தது.

ஜம்பு லேப்டாப்பை நெட்வொர்க் கேபிளில் மாட்டினான். கறுப்புத் திரையைத் திறந்து ஒற்றை வரிக் கட்டளை அடித்தான்.

"இதுக்கு டிசிபிடம்ப்னு பேரு சார்," என்றாள் பாமா. சொல்லும்போதே அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்வதில் அவளுக்கு அப்படியொரு பிரியம். "இந்தக் கேபிள் வழியா என்ன போகுது, என்ன வருதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதும். உள்ள இருக்கற சரக்கைப் பாக்கலைன்னாலும், யார் யாருக்கு அனுப்பறாங்கன்னு தெரிஞ்சுடும். இங்க ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் இருக்கு. ஃபோல்டர் இருக்கற கம்ப்யூட்டர் இருபது. ஸ்கேன் பண்ற மெஷின் நாற்பது. வெளி உலகத்துக்குத் தெருக்கதவு மாதிரி இருக்கற ரவுட்டரோட எண் ஒண்ணு."

திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜம்பு உதட்டைப் பிதுக்கினான். "எல்லாம் நம்ம லேப்டாப் பேசறதுதான் வருது பாமாக்கா. மத்தவங்க பேசறது ஒண்ணும் காணோம். பேக்கார், வேஸ்ட்."

"வராது. நடுவுல ஸ்விட்ச் இருக்கே." அவள் சூர்யநாராயணன் பக்கம் திரும்பினாள். "அந்த டப்பா நல்ல தபால்காரர் மாதிரி சார். யாருக்கு வந்த தபாலோ அவங்க வீட்டுல மட்டும் கொடுக்கும். அதனால நாற்பது இருபதுக்குக் கொடுக்கறது நம்ம வாசலுக்கு வராது. ஆனா ஒண்ணு இருக்கு. நாற்பதுக்கு இருபதோட இடம் மறந்துபோச்சுன்னா, 'இருபது யாருப்பா?'ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கூவும். அந்தக் கூவல் மட்டும் எல்லார் வாசலுக்கும் வரும். இப்போதைக்கு நமக்கு அது போதும். முதல்ல ஒரு தாளை ஜெராக்ஸ் மட்டும் எடுங்க. ஸ்கேன் வேண்டாம்."

சூர்யநாராயணன் மெஷினின் மூடியைத் தூக்கித் தாளை வைத்து மூடினார். மெஷின் இரைந்து ஒரு நகலைத் தள்ளியது. திரையில் நாற்பது வாயே திறக்கவில்லை.

"இப்ப ஸ்கேன்."

மீண்டும் இரைச்சல். திரையில் ஒரு வரி விழுந்தது. பாமா விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். "இருபது யார்? நாற்பதிடம் சொல்லுங்கள்."

"சரிதானுங்களே. ஃபோல்டருக்குத்தான் போகணும்."

அடுத்த வரி விழுந்தது. பாமா படிக்கவில்லை, அவர் படிக்கட்டும் என்று நகர்ந்துகொண்டாள். சூர்யநாராயணன் குனிந்து பார்த்தார். நாற்பதுதான் கேட்டிருந்தது. ஆனால் இம்முறை அது தேடியது ஒன்றாம் எண்ணை.

வாழ்நாள் முழுக்க ஒரு பாகத்தின் மேல் எந்த விசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கணக்குப் பார்த்த மனிதர் அவர். அந்த வரியை அவர் புரிந்துகொள்ள யாரும் உதவ வேண்டியிருக்கவில்லை.

"பக்கத்து மேசைக்குத் தாள் கொடுக்கறதுக்கு தெருக்கதவு எதுக்குங்க?" என்றார்.

"அதான் கேள்வி," என்றாள் பாமா.

"மணி சரிபார்க்கப் போயிருக்கலாம்ல?" என்றான் ஜம்பு. "சில மெஷின் அப்படிப் போகும்."

"போகலாம். அதனாலதான் முதல்ல வெறும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னேன். அப்ப போகலை. ஸ்கேன் பண்ணினதும் போகுது. எதுக்குப் போகுதுன்னு பாத்துடுவோம்."

ஸ்விட்ச் கொஞ்சம் நல்ல ரகம். நாற்பதின் கேபிளில் போவதையெல்லாம் லேப்டாப்பின் கேபிளுக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லி அதற்குக் கட்டளை கொடுக்க முடிந்தது. ஜம்பு அதைச் செய்துகொண்டிருக்கும்போது பாமா சுவரோரம் திரும்பினாள்.

"வைஜயந்தி, இந்த மெஷின் எப்ப வந்தது?"

"ஆபீஸ் மாறினப்போ. செகண்ட் ஹாண்ட். வாங்கி வந்து ஃபோல்டருக்குப் போற மாதிரி மட்டும் செட் பண்ணிக்கிட்டோம். பிரணவ் சேர்ந்ததும் அப்பதான்."

பாமா சூர்யநாராயணனைப் பார்த்தாள். "புதுசா வந்தது ஒருத்தர்தான்னு சொன்னீங்க சார். ரெண்டு பேர் வந்திருக்காங்க."

அவர் மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் முறை ஸ்கேன் செய்தார்கள். இப்போது நாற்பது பேசிய அத்தனையும் திரையில் வந்தது. தாளை இருபதிடம் கொடுத்தது. பிறகு தெருக்கதவுக்குப் போய் ஒரு பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்டது. பெயரை ஜம்பு வாய்விட்டுப் படித்தான். பைரவ் டூலிங்கின் மெயில் சர்வர். பழைய மெஷின் என்பதால் கடிதத்தைப் பூட்டாமலேயே அனுப்பியது. யாருக்கு என்ற வரிகூடத் திறந்து கிடந்தது. பைரவ் டூலிங் ஆபீஸில் ஸ்கேன்கள் வந்து விழும் மெயில் பெட்டி.

"இங்க வர்றதுக்கு முன்னாடி இது அவங்க ஆபீஸ்ல இருந்திருக்கு," என்றாள் பாமா. "எந்த ஸ்கேன் எடுத்தாலும் ஒரு நகல் இந்த முகவரிக்கும் போகட்டும்னு அப்ப யாரோ செட் பண்ணி வெச்சிருக்காங்க. அவங்க ரெக்கார்டுக்காக. விக்கறப்போ அழிக்கலை. நீங்களும் ஃபோல்டரைச் சேர்த்தீங்களே தவிர, உள்ள வேற என்ன இருக்குன்னு பாக்கலை. அதனால நீங்க குங்குமம் வெச்சு ஸ்கேன் பண்ணின ஒவ்வொரு தாளும், வைஜயந்தி கண்ணுல படறதுக்கு முன்னாடியே அங்க போய் விழுந்திருக்கு. பெட்டியில வந்து விழறதை அவங்க பயன்படுத்திக்கிட்டாங்க. அது அவங்க தப்பு. இங்க யாரும் எதையும் விக்கலை சார்."

ஜம்பு சுவரோரம் பார்த்தான். "ஸாரி வைஜயந்திக்கா. நான்தான் முதல்ல உங்க பேரைச் சொன்னது."

வைஜயந்தி அவனுக்குத் தலையசைத்தாள். பிறகு சூர்யநாராயணன் பக்கம் திரும்பினாள். "பிரணவ் போனப்போ என்னை நீங்க ஒரு வார்த்தை கேக்கலை சார். அவன் அக்கா கல்யாணத்துக்குப் பொள்ளாச்சி போயிருந்தானே, அந்த வாரம் வரைஞ்ச ஃபிக்ஸரும்தான் பைரவ்கிட்டப் போச்சு. அவன் அதைக் கண்ணாலகூடப் பாக்கலை."

"நீயாவது சொல்லியிருக்கலாமில்லம்மா."

"நீங்க கத்தின கத்துல யார் சார் சொல்வாங்க?"

அவர் கைப்பேசியில் பிரணவின் எண்ணைத் தேடினார்.

*

சூர்யநாராயணன் கூப்பிட்டபோது பிரணவ் எடுக்கவில்லை. வைஜயந்தி கூப்பிட்டதும் எடுத்தான். வந்தவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வரலாமுங்களா?"

ஒரு வருஷம் தினமும் சாவி வாங்கித் திறந்த கதவு அது. "வாப்பா" என்று சூர்யநாராயணன் தானே போய் அதை அகலத் திறந்தார்.

பாமா எல்லாவற்றையும் முதலிலிருந்து அவனுக்கு விளக்கினாள். அவன் திரையைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான். "நானும் இதுல எத்தனை ஸ்கேன் எடுத்திருக்கேன்," என்று மட்டும் சொன்னான்.

"தப்பு என்ற மேலதான் பிரணவ்," என்றார் சூர்யநாராயணன். "அன்னிக்கு நீ ஏம்ப்பா ஒண்ணும் பேசலை?"

"நீங்க கேக்கலைங்க சார். சொன்னீங்க. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்."

"திரும்பி வந்துரு. இப்பவே வந்துரு."

"வேண்டாமுங்க." கோபமே இல்லாமல் சொன்னான். "இங்க உக்காந்தா, ஒவ்வொரு தடவை ஏதாவது காணாம போறப்பவும் நான் உங்க மூஞ்சியைப் பாப்பேன். வேலை ஓடாதுங்க."

"இப்ப எங்க இருக்கறே?"

"கால் சென்டருங்க. டிசைன்ல யாரும் கூப்பிடறதில்லை." ஹெல்மெட்டின் பட்டையை விரலில் சுற்றினான். "நீங்க ஒண்ணு பண்ணலாமுங்க. சாக்கன்ல என்ன சொன்னீங்களோ, அதை இப்ப மாத்திச் சொல்லுங்க. நான் இருக்கறப்பவே."

சூர்யநாராயணன் எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டார். தட்டுத் தடுமாறிய இந்தியில் எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்னது பொய், பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை, தப்பு முழுக்கத் தன்னுடையது. எதிர்முனை பொறுமையாகக் கேட்டது. வருத்தம் தெரிவித்தது. அந்த இடத்துக்கு அப்போதே வேறொருவரை எடுத்துவிட்டதாகவும், அவர் நன்றாகவே வேலை செய்வதாகவும் சொன்னது.

சூர்யநாராயணன் கைப்பேசியை மேசையில் வைத்தார்.

"பரவாயில்லைங்க," என்றான் பிரணவ். "வேற யார்கிட்டயாவது சொல்லியிருந்தீங்கன்னா, அவங்களுக்கும் சொல்லீருங்க."

"இன்னிக்கே சொல்றேன்."

அவன் தலையசைத்தான். வைஜயந்தியிடம் மட்டும் "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கீழே பைக் இரண்டு முறை முனகிப் பிறகு கிளம்பியது. சத்தம் பாணேர் ரோட்டில் கலக்கும் வரை சூர்யநாராயணன் ஜன்னலருகே நின்றார். யாரும் அவன் வாயை அடைக்கவில்லை. அவன் பேச ஓர் இடம்கூடத் தான் விடவில்லை என்பதை நினைத்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அன்றைக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.

பின்னால் வைஜயந்தி தொண்டையைச் செருமினாள். நாற்காலியைத் தன் மேசைக்கே இழுத்துப் போட்டிருந்தாள். "சார், கஸ்டமர் ஷீட் ஒண்ணு இன்னிக்குப் போகணும். ஸ்கேன் பண்ணலாமா?"

அவர் பாமாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே மெஷினின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். பைரவ் டூலிங்கின் முகவரியை அழித்தாள். பழைய ஆபீஸின் மற்ற அமைப்புகளையும் மொத்தமாகத் துடைத்துவிட்டு, ஃபோல்டர் ஒன்றை மட்டும் புதிதாகச் சேர்த்தாள். பிறகு ஜம்புவிடம் சொல்லி, நாற்பதாம் எண் எதற்காகவும் வெளியே போக முடியாதபடி ரவுட்டரிலும் ஒரு தடை போடச் செய்தாள்.

"இப்ப பண்ணுங்க."

வைஜயந்தி தாளை வைத்து மூடினாள். நான்கு பேரும் கறுப்புத் திரையைப் பார்த்தார்கள். நாற்பது, இருபதைத் தேடியது. இருபதிடம் தாளைக் கொடுத்தது. வேறு யாரையும் கேட்கவில்லை. அடுத்த வரி வரவேயில்லை.

"அவ்வளவுதான் சார்," என்றாள் பாமா. "மெஷின்ல பழைய ஃபார்வர்டை அழிச்சாச்சு. ரவுட்டர்ல இதுக்கு வெளியே போற வழியை அடைச்சாச்சு. இனிமே இங்க ஸ்கேன் பண்றது இந்த ஃபோல்டருக்கு மட்டும்தான் போகும்."